டொமினிக்காவில் நர்ஸ் வேலை: பெரிய ஹரிக்கேன் அடித்தால் அங்கே நிஜமாக என்ன ஆகும்?

முத்து_தூத்துக்குடி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை நர்ஸ். கரீபியன் கடலில் டொமினிக்கா என்ற தீவில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை வந்திருக்கிறது. (டொமினிக்கன் ரிபப்ளிக் வேறு நாடு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சம்பளம் பரவாயில்லை. அவளுக்குப் போக ரொம்ப ஆசை.

பிரச்சினை புயல்தான். அம்மா யூடியூபில் 2017 மரியா புயல் வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். அப்பா உப்பளத்துக்காரர்; 2023 டிசம்பர் வெள்ளத்தையே பார்த்தாச்சு, இதற்கு மேல் என்ன என்கிறார். ஏஜென்டிடம் கேட்டால், அதெல்லாம் எப்போதாவது ஒரு தடவை சார், கவலைப்படாதீங்க என்று சிரிக்கிறார். அவர் சிரித்த விதம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இணையத்தில் காற்றின் வேகம், கேட்டகரி (புயலின் வலிமைக்கு ஒன்று முதல் ஐந்து வரை போடும் எண்) என்று நிறைய கிடைக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது அது இல்லை. ஏறக்குறைய எழுபதாயிரம் பேர் வாழ்கிற ஒரு தீவில் அப்படி ஒன்று அடித்தால் அங்குள்ள சனத்துக்கு மறுநாள் என்ன, அடுத்த மாதம் என்ன, அடுத்த வருடம் என்ன? வேலையை ஒத்துக்கொள்ளும் முன் நாங்கள் என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? அங்கே இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கடலோடி:

ஜூன் முதல் நவம்பர் வரை சீசன். ஆகஸ்ட், செப்டம்பர் உச்சம். நான் அந்தப் பக்கம் கப்பலில் போயிருக்கிறேன், தரையில் தங்கியதில்லை. 1964 தனுஷ்கோடி ஞாபகம் இருக்கிறதல்லவா, தீவு என்றால் அவ்வளவுதான், கடல் வந்தால் ஓட இடம் இல்லை. என் தங்கையாக இருந்தால் வேண்டாம் என்பேன்.

கம்பிகட்டி:

தம்பி முத்து, மரியா அடித்தபோது நான் டொமினிக்காவில் இருந்தேன். கட்டட வேலை மேற்பார்வை. தலைநகர் ரோசோவுக்குக் கொஞ்சம் வடக்கே கேன்ஃபீல்டில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தேன். தொழில் அப்படி என்பதால் எதையும் கூரையிலிருந்துதான் பார்ப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடலோடிக்கு. தனுஷ்கோடி தட்டை மணல், அதைக் கடல் கொண்டுபோனது. டொமினிக்கா அப்படி இல்லை. கொடைக்கானலைத் தூக்கிக் கடலில் வைத்த மாதிரி இருக்கும். நீளம் 47 கிலோமீட்டர், அகலம் 26, அதற்குள் 1,447 மீட்டர் உயர மலை. வருடத்துக்கு 365 நாள், எங்களுக்கு 365 ஆறு என்று பெருமையாகச் சொல்வார்கள். புயல் ராத்திரியில் அத்தனை ஆறும் பாறையையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு ஊருக்குள் இறங்கும். ரோசோவுக்குத் தெற்கே பாயின்ட் மிஷேல் என்ற ஊரில் கடலை ஒட்டி வாழ்ந்தவர்களை மேலே இருந்து வந்த மண்தான் மூடியது. 2015 ஆகஸ்டில் எரிகா என்று ஒன்று வந்தது. அது ஹரிக்கேன் அளவுக்குக்கூட வளரவில்லை, காற்றும் பெரிதில்லை, மழைதான். அந்த மழைக்கே தென்கிழக்கில் பெத்தி சவான் என்ற ஊரை முழுவதும் காலி செய்ய வேண்டியதாயிற்று. அந்தச் சனத்துக்குப் பிறகு பெல்வியூ ஷோப்பன் என்ற இடத்தில் புதுக் குடியிருப்பு கட்டினார்கள். அதனால் கேட்டகரி எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வீடு ஆற்றோரமா, சரிவுக்குக் கீழேயா என்பது அதைவிட முக்கியம்.

மரியா வந்த வேகம்தான் எல்லோரையும் ஏமாற்றியது. செப்டம்பர் 16ஆம் தேதி பெயர் வைத்தார்கள், அப்போது சாதாரணப் புயல். 17 மாலைக்குள் ஹரிக்கேன். 18 இரவு ஒன்பதே கால் வாக்கில் ஐந்தாம் கேட்டகரியாகத் தீவின் மேல் ஏறியது, காற்று மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேல். அன்று திங்கள்கிழமை. காலையில் ரொட்டிக்கும் மெழுகுவர்த்திக்கும் வரிசையில் நின்றபோது யாரும் பதறவில்லை. இரண்டு வாரம் முன்னால் இர்மா புயல் பக்கத்தில் போய்விட்டதே, இதுவும் போய்விடும் என்றுதான் பேச்சு.

இரவைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், வீடியோவில் பார்த்திருப்பீர்கள். மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா பேரனைக் கூட்டிக்கொண்டு என் பகுதிக்கு வந்துவிட்டார். உள்ளே ஜன்னல் இல்லாத இடம் குளியலறை ஒன்றுதான். மெத்தையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து மூன்று பேரும் அதில் உட்கார்ந்திருந்தோம். காற்றழுத்தம் இறங்குவதால் காது அடைக்கும், திறக்கும். இருந்த இரைச்சலில் மாடிக் கூரை எப்போது போனது என்று தெரியவில்லை. மாடிப்படி வழியாகத் தண்ணீர் இறங்கி வந்தபோதுதான் மேலே ஒன்றும் இல்லை என்று புரிந்தது. அதே இரவில் பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட், என் கூரையும் போய்விட்டது, வீட்டுக்குள் வெள்ளம் என்று பேஸ்புக்கில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் போன் அதற்குள் செத்துவிட்டது. இந்தச் சேதி எனக்குப் பல நாள் கழித்து வெளியூர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

காலையில் பச்சையே இல்லை. இலை மட்டும் இல்லை, நிறைய மரத்தில் பட்டையும் இல்லை. மலை முழுக்கக் காபித்தூள் நிறம். மரம் மறைத்திருந்த வீடெல்லாம் வெளியே தெரிந்ததால், எதிர்ச் சரிவில் இத்தனை பேரா இருந்தார்கள் என்று வீட்டுக்காரம்மா கேட்டார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். அப்புறம் வெயில். நிழல் என்று ஒதுங்க ஓர் இடம் கிடையாது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கடலூரில் 'தானே' புயல் அடித்தபோது என்ன ஆனது? வெளி மாவட்டத்திலிருந்து மின்வாரிய ஆட்கள் வந்து கம்பம் நட்டார்கள். அரிசி லாரியில் வந்தது. உறவுக்காரர் வீடு என்று போக நாலு ஊர் தள்ளி ஓர் ஊர் இருந்தது. டொமினிக்காவில் அந்த 'நாலு ஊர் தள்ளி' இல்லை. பத்தில் ஒன்பது கூரைக்கு ஒரே ராத்திரியில் சேதம். காப்பாற்ற வர வேண்டிய போலீஸ்காரர், கம்பத்தில் ஏற வேண்டிய லைன்மேன், ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டிய நர்ஸ், கடை திறக்க வேண்டியவர், பிணத்துக்கு ஜெபம் சொல்ல வேண்டிய பாதிரியார், அத்தனை பேரும் வீடு இழந்தவர்கள். உங்கள் தங்கை போகப்போவது அந்த நர்ஸின் இடத்துக்கு. தெரிந்தே போகட்டும்.

போன் கோபுரம் எல்லாம் விழுந்துவிட்டது. எந்த ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பது முதலில் வெளியே போனது ஹாம் ரேடியோ வைத்திருந்த சிலர் வழியாகத்தான். பாலங்கள் போய்விட்டன, பாதையெல்லாம் மண். ஆட்கள் மலை ஏறி இறங்கி நடந்தே அம்மாவையும் தம்பியையும் தேடிப் போனார்கள். ரோசோவில் கடைகளை உடைத்தார்கள், ஊரடங்கு போட்டார்கள். அது ஒரு பக்கம் இருக்க, எங்கள் தெருவில் பிரீசர் வைத்திருந்தவர்கள் எல்லோரும் இருந்த கோழியையும் மீனையும் கெடுவதற்குள் சமைத்துத் தெருவுக்கே போட்டார்கள். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தவை, இரண்டையும் பார்த்தேன்.

சாப்பாடு. அங்கே தினசரி உணவு நமக்குத் தெரிந்ததுதான்: சேப்பங்கிழங்கு (டஷீன் என்பார்கள்), வாழைக்காய், சீமைப்பலா. விழுந்த காயை முதல் சில நாள் எல்லோரும் தின்று தீர்த்தார்கள், மிச்சம் அழுகியது. அதன்பின் மண்ணுக்குள் இருந்த கிழங்குதான் துணை. வாழை ஒன்பது, பத்து மாதத்தில் திரும்ப வந்துவிடும். சீமைப்பலா மாதிரி மரங்களுக்கு வருடக்கணக்கு. அதுவரை எல்லாம் கப்பலில் வர வேண்டும், கப்பலுக்குத் துறைமுகம் வேண்டும், துறைமுகத்திலிருந்து ஊருக்குப் பாதை வேண்டும்.

கூரைக்கு வருகிறேன். பலரும் நினைப்பது காற்று கூரையை அமுக்கி உடைக்கும் என்று. இல்லை, தூக்கும். தகரத்தை ஆணியால் அடித்திருந்தால் ஓரத்தில் முதலில் பிரியும். திருகாணி என்றால் தாங்கும். கூரைச் சட்டத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டியிருக்க வேண்டும். இரண்டு பக்கம் சரிகிற கூரையைவிட நாலு பக்கமும் சரிகிற கூரை நிற்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறவாணம் குட்டையாக இருக்க வேண்டும். வராந்தா கூரையை வீட்டுக் கூரையின் தொடர்ச்சியாகப் போடவே கூடாது. போனால் அது மட்டும் போக வேண்டும். ஒரு வீட்டுத் தகரம் பறந்து அடுத்த வீட்டு ஜன்னலை உடைக்கும், அந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்து அந்தக் கூரையையும் கிளப்பும். இப்படியே தெரு முழுக்கப் போகும். நீங்கள் எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் பக்கத்து வீட்டுக்காரர் ஆணியில் மிச்சம் பிடித்திருந்தால் சிக்கல்தான். புயலுக்குப் பிறகு அரசாங்கமே இதையெல்லாம் விதியாகப் போட்டது. ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கூரை வேண்டும் என்றால் தச்சருக்கு எங்கே போவது? நான் பார்த்தவரை அடுத்த மழைக்காலத்திலும் நீலத் தார்ப்பாய் அப்படியேதான் இருந்தது. மின்சாரமும் அப்படி, அடுத்த வருடத்திலும் இருட்டில் இருந்த கிராமங்கள் உண்டு.

மொத்த இழப்பு சுமார் 130 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியில் 226 சதவீதம். அதாவது தீவே இரண்டு வருடத்துக்கு மேல் சம்பாதித்தது ஒரு ராத்திரியில் போனது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 65 பேர். எழுபதாயிரம் பேர் ஊரில் அது எவ்வளவு என்றால், எனக்குத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் அதில் ஒருவரையாவது தெரிந்திருந்தது.

அடுத்த வருடம் என்ன என்று கேட்டீர்கள். ஆள் போவது. பக்கத்துத் தீவுகளான குவாதலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் படகில் போனார்கள். டிரினிடாட் ஆறு மாதம் வந்து தங்கலாம் என்று கதவைத் திறந்தது. பிள்ளைகளை அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள், சிலர் அங்கேயே பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். வடக்கே போர்ட்ஸ்மத் பக்கம் பிகார்ட் என்ற ஊர் ஓர் அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் மாணவர்களை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. மரியாவுக்குப் பிறகு அந்தக் கல்லூரி திரும்பவில்லை, 2019இல் பார்படாஸில் போய்த் திறந்தது. கடன் வாங்கி மாணவர் அறை கட்டியவர், சாப்பாட்டுக் கடை, டாக்சி, துணி துவைத்துக் கொடுத்தவர், இத்தனை பேர் பிழைப்பும் போனது. அவர்களில் சிலருக்குக் கூரை தப்பியிருந்தது என்பதுதான் வேடிக்கை.

என்ன கேட்க வேண்டும் என்பதை நாளை எழுதுகிறேன், கை வலிக்கிறது.

நைட் ஷிப்ட்:

நர்ஸ் என்று படித்ததால் எழுதுகிறேன் முத்து. நான் நியூஜெர்சியில் ஆஸ்பத்திரி நர்ஸ், கரீபியன் பக்கம் கால் வைத்ததில்லை. ஆனால் அதே மரியா எங்கள் வார்டுக்கும் வந்தது.

டொமினிக்காவைத் தாண்டி இரண்டு நாளில் அது அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவில் ஏறியது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து கலக்கப் பயன்படும் சின்னச் சலைன் பைகளில் பெரும்பங்கு அந்தத் தீவில் இருந்த தொழிற்சாலைகளில் செய்தவை. கரண்ட் இல்லை, உற்பத்தி நின்றது. அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் ஆன்டிபயாடிக்கைப் பையில் தொங்கவிடுவதற்குப் பதில் சிரிஞ்சில் எடுத்து, கடிகாரம் பார்த்து, நிமிடக்கணக்கில் மெதுவாகக் கையால் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒரு நர்ஸுக்கு ஆறு நோயாளி என்றால் யோசித்துப் பாருங்கள். அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பை இறக்குமதி செய்ய அனுமதித்தார்கள். போர்ட்டோ ரிக்கோ எங்கே இருக்கிறது என்றுகூட அதுவரை எங்கள் வார்டில் பலருக்குத் தெரியாது.

இன்னொன்று, கம்பிகட்டி அண்ணன் சொன்னதோடு ஒட்டியது. போர்ட்டோ ரிக்கோவில் முதலில் அரசாங்கம் சொன்ன சாவு எண்ணிக்கை 64. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது 2,975, 2018 பிப்ரவரி வரையிலான கூடுதல் சாவுகளைச் சேர்த்து. அரசாங்கமும் அதையே அதிகாரபூர்வ எண்ணாக ஏற்றது. இவர்களில் பெரும்பாலோர் பறந்த தகரம் பட்டுச் செத்தவர்கள் இல்லை. கரண்ட் இல்லாமல் இன்சுலினைக் குளிரில் வைக்க முடியவில்லை, ஆக்சிஜன் இயந்திரம் ஓடவில்லை, டயாலிசிஸ் இல்லை, ஆம்புலன்ஸ் வரப் பாதை இல்லை. வியேகஸ் என்ற பக்கத்துக் குட்டித் தீவில் டயாலிசிஸ் மையம் பாழானதால் நோயாளிகளை வாரத்துக்கு மூன்று தடவை விமானத்தில் பெரிய தீவுக்குக் கொண்டுபோனார்கள். டயாலிசிஸ் முடிந்தவர் எவ்வளவு துவண்டு போயிருப்பார் என்பது உங்கள் தங்கைக்குத் தெரியும்.

அதனால் என் யோசனை: அந்த ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் எத்தனை நாள் ஓடும், டீசல் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நேர்முகத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே அது சாதாரணக் கேள்வியாகத்தான் இருக்கும்.

சும்மா_படிப்பவன்:

விஷயத்துக்குச் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போர்ட்டோ ரிக்கோ கரையோரம் காயோ சான்டியாகோ என்று ஒரு குட்டித் தீவு. 1938இல் நம் இந்தியாவிலிருந்து நானூறு சொச்சம் செம்முகக் குரங்குகளைக் கப்பலில் கொண்டுபோய் ஆராய்ச்சிக்காக அங்கே விட்டார்கள். இன்றும் அதன் வாரிசுகள்தான். மரியா அங்கிருந்த மரத்தில் பெரும்பகுதியை அழித்துவிட்டது, நிழல் இல்லை, சூடு தாங்கவில்லை. நிழலுக்காக அடித்துக்கொண்டு சாகும் என்று எதிர்பார்த்தார்கள். நேர்மாறாக, முன்னால் பக்கத்தில் விடாத குரங்குகள்கூட ஒரே நிழலில் ஒட்டி உட்கார ஆரம்பித்தன. அப்படி அனுசரித்துப் போனவைதான் அதிகம் பிழைத்தன என்று வருடக்கணக்கில் கவனித்து எழுதியிருக்கிறார்கள். நம்மூர்க் குரங்கு!

முத்து_தூத்துக்குடி:

கம்பிகட்டி அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. அண்ணா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பயம் கூடும் என்று நினைத்தேன், ஆனால் உட்கார்ந்து கேட்டார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை: இவ்வளவு அடி வாங்கியும் அந்தச் சனம் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறது?

வட்டிக்கணக்கு:

அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, கடன் பற்றி மட்டும் எழுதுகிறேன், என் துறை அது. புயல் அடித்த தீவு வீடு கட்டக் கடன் வாங்கும். அதை அடைக்கும் முன் அடுத்தது வரும். இன்னொரு கரீபியன் தீவு நாடான கிரனடாவை 2004இல் ஐவான் புயல் அடித்தபோது பத்தில் ஒன்பது வீட்டுக்குச் சேதம். உலகச் சந்தைக்கு ஜாதிக்காய் அனுப்பிய நாடு அது, கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கும். ஐவானில் பெரும்பாலான மரம் போய்விட்டது. புதுக்கன்று காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். வயதான விவசாயி எதற்காக நடுவார்? பழைய ஏற்றுமதி அளவு திரும்பவே இல்லை.

பிற்பாடு அவர்கள் கடன் பத்திரத்தில் ஒரு வரியைச் சேர்க்க வைத்தார்கள்: பெரிய புயல் அடித்தால் தவணையைத் தள்ளிவைக்கலாம். 2024 ஜூலை 1இல் பெரில் புயல் கிரனடாவைச் சேர்ந்த கரியாகு தீவைத் தரைமட்டமாக்கியபோது அந்த வரியை முதல் தடவையாகப் பயன்படுத்தினார்கள். நம் ஊரில் வெள்ளம் வந்த மாதம் சுய உதவிக்குழுத் தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறோமே, அதை முன்கூட்டியே எழுதி வாங்கியிருக்கிறார்கள். கரீபியன் நாடுகள் 2007இல் தொடங்கிய கூட்டுக் காப்பீடும் உண்டு. மரியாவுக்குப் பிறகு டொமினிக்காவுக்கு அதிலிருந்து இரண்டு வாரத்தில் சுமார் 1.9 கோடி டாலர் வந்தது. 130 கோடி இழப்புக்கு அது சம்பளப் பட்டுவாடாவுக்குத்தான் போதும், ஆனால் அந்த நேரத்தில் சம்பளம் போடுவதே பெரிய விஷயம்.

கம்பிகட்டி:

அம்மா கேட்ட கேள்விதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி.

அங்கே இருந்தபோது நான் கண்டது, நிலம். பார்புடா என்று ஒரு தீவு, ஆன்டிகுவாவோடு சேர்ந்த நாடு. டொமினிக்கா மாதிரி மலை இல்லை, தட்டை. மரியாவுக்கு முன் அதே செப்டம்பர் 6ஆம் தேதி இர்மா அடித்து, பத்தில் ஒன்பதுக்கும் மேல் கட்டடம் பாழ். பின்னாலேயே ஹோசே என்ற இன்னொரு புயல் வருகிறது என்று மொத்த சனத்தையும், ஆயிரத்து எண்ணூறு பேர் போல, ஆன்டிகுவாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஹோசே விலகிப் போய்விட்டது. சனம் உடனே திரும்ப முடியவில்லை.

பார்புடாவில் அதுவரை நிலம் தனியார் சொத்தாக இருந்ததில்லை. அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. 2007இல் சட்டமாகவும் ஆனது. ஊர்க்காரருக்கு வீடு கட்ட இடம் ஒதுக்கினார்கள், விற்க முடியாது என்று இருந்தது. தீவு காலியாக, சனம் முகாமில் இருந்த அந்த நேரத்திலேயே புது விமான நிலையத்துக்குக் காட்டை அழிக்கும் வேலை தொடங்கிவிட்டது. அரசாங்கம், தனிப்பட்டா கொடுத்தால்தான் வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டலாம் என்று சொல்லிச் சட்டத்தையே மாற்றியது. சொகுசு விடுதிக்காரர்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள். ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். விமான நிலைய வழக்கைத் தொடர அவர்களுக்குத் தகுதி உண்டு என்று லண்டன் பிரிவி கவுன்சில் (அந்த நாட்டுக்குக் கடைசி முறையீட்டு நீதிமன்றம் அதுதான்) சொன்னது 2024இல். புயல் போய் ஆறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அங்கே காட்டை அழிக்கிற சேதியைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து என் வாடகை வீட்டுக்காரம்மா சொன்னது ஒன்றுதான்: கூரை இல்லாவிட்டாலும் வீட்டில் படுத்திரு. மகள் லண்டனுக்குக் கூப்பிட்டார், போகவில்லை. தார்ப்பாய்க்குக் கீழே படுத்துக்கொண்டு பத்திரத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தார். பிடிவாதம் என்று அப்போது நினைத்தேன். பார்புடாவைப் பார்த்த பிறகு அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் மீனவர்கள், உள்ளே தள்ளி வீடு தருகிறோம் என்றபோது ஏன் தயங்கினார்கள் என்பதும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, தங்கை விஷயம். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியவை: தங்குமிடத்துக்குக் கான்கிரீட் தளமா, தகரமா? தகரம் என்றால் நான் மேலே எழுதியதை வைத்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். ஜன்னலுக்கு வெளிப்பலகை உண்டா, தண்ணீர்த் தொட்டி உண்டா, பக்கத்தில் ஆறு எவ்வளவு தூரம். ஒப்பந்தத்தில், புயல் எச்சரிக்கை வந்தால் பணியில் இருக்க வேண்டியவர்கள் பட்டியலில் இவளும் உண்டா என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். உண்டு என்றுதான் இருக்கும். அப்படியென்றால் அன்று இரவு எங்கே தூங்குவது, பிறகு நாட்டை விட்டு வர நேர்ந்தால் டிக்கெட் யார் கணக்கு, ஆஸ்பத்திரி மூடிக்கிடந்தால் சம்பளம் உண்டா? ஏஜென்ட் வாயால் சொல்வது வேண்டாம், எழுத்தில் வேண்டும். பாஸ்போர்ட், நர்ஸிங் சான்றிதழ் நகல் உங்களிடமும் ஒன்று இருக்கட்டும். கையில் எப்போதும் கொஞ்சம் ரொக்கம். புயல் அடித்தால் கார்டு இயந்திரம் மாதக்கணக்கில் ஓடாது. புயலுக்குப் பிறகு முதல் சில நாள் அவளிடமிருந்து சேதி வராது என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வராததை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது.

முத்து_தூத்துக்குடி:

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன் அண்ணா. ஆஸ்பத்திரிக்குக் கேள்விகளை அனுப்பியிருக்கிறோம், பதில் வந்ததும் போட்டோவும் போடுகிறேன். தங்கை ஒன்று கேட்கச் சொன்னாள், சிரிக்காதீர்கள்: மிக்ஸி, குக்கர் கொண்டுபோகலாமா?

கம்பிகட்டி:

ஏன் சிரிக்கிறேன், நானே கொண்டுபோனவன்தான். மிக்ஸி ஓடும், நம் ஊர் மாதிரி 230 வோல்ட்தான். பிளக் மட்டும் பிரிட்டிஷ் மூன்று பட்டை, அடாப்டர் வாங்கிக்கொள்ளட்டும். இன்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம், சிலிண்டர் அடுப்புதான் கைகொடுக்கும். அரிசி, பருப்பு கிடைக்கும். சாம்பார் பொடி, புளி இங்கிருந்து. தலையில் மாட்டும் டார்ச் ஒன்று, பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று. குக்கருக்குக் கேஸ்கெட் இரண்டு மூன்று கூடுதலாக வைத்துவிடுங்கள், அது மட்டும் அங்கே எந்தக் கடையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.